விழுங்கப்பட்ட பிழையும் வெளியிடப்பட்ட எண்ணும்

மொழித் துறைகளின் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் எண்ணிக்கை அட்டவணைகள் பெருகிவருகின்றன. இச்சொல் இத்தனை முறை வருகிறது, இவ்விகுதி இந்தப் பத்தாண்டில் குறைந்தது, இவ்வடிவம் அந்தப் பத்தாண்டுக்கு முன் வழக்கில் இல்லை என்று அவை உறுதியோடு பேசுகின்றன. அந்த எண்களைத் தருவது பெரும்பாலும் ஒரு பைத்தான் நிரல். வாய்மொழித் தேர்வில் அந்நிரலைக் காட்டுமாறு கேட்பவர் அரியர். கேட்டிருந்தால் பல நிரல்களின் நடுவே இரண்டு சொற்களைக் கண்டிருப்பர்: ‘எக்செப்ட்: பாஸ்’. பிழை வந்தால் பேசாமல் கடந்துபோ என்பது அதன் பொருள்.

அதைச் சோம்பலின் அடையாளம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். சிரிப்பு போதாது. ஆய்வுக்கென எழுதிய நிரலில் பிழையை விழுங்குவது சான்றை அழிப்பதாகும். திரெட் எனப்படும் இழைகள் பலவற்றில் ஒரே வேளையில் ஓடும் நிரலில், அழிந்தது எது என்று பின்னர்க் கண்டறிவதும் கடினம். இதற்குப் பொறுப்பு அவசரத்தில் அவ்வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய மாணவருடையது மட்டுமன்று. நிரலைத் தட்டச்சு வேலையாகக் கருதும் நெறியாளருக்கும், அட்டவணையை மட்டும் பார்த்துப் பட்டம் வழங்கும் துறைக்கும் அதில் பங்குண்டு.

வழக்கமாக நிகழ்வதை ஓர் எடுத்துக்காட்டாக அமைத்துக் காணலாம். ஒரு மாணவரிடம் 12,000 உரைக்கோப்புகள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணும் நிரல் மெதுவாக ஓடுகிறது. யாரோ ஒருவர் இழைகளைப் பயன்படுத்தச் சொல்கிறார். மாற்றி எழுதியதும் திரையில் பிழைகள் கொட்டுகின்றன: கோப்பு இல்லை, அனுமதி இல்லை, திறந்த கோப்புகள் மிகுந்துவிட்டன. கோப்புறையைத் திறந்து பார்த்தால் கோப்புகள் கண்ணெதிரே கிடக்கின்றன. மாணவர் குழம்புகிறார், ஆய்வேடு ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது. அந்த இரண்டு சொற்கள் வந்து சேர்கின்றன. திரை தூய்மையாகிறது, நிரல் முடிவடைகிறது, அட்டவணை பிறக்கிறது. 12,000 கோப்புகளில் எத்தனை உண்மையில் திறக்கப்பட்டன என்பதை அதற்குப்பின் எவரும் கேட்பதில்லை.

மூடிமறைத்த அந்தச் செய்திகள் என்ன சொல்லிக்கொண்டிருந்தன என்று பார்த்தால்தான் இழப்பின் அளவு தெரியும். பைத்தான் பிழைகளுக்குப் பெயரிட்டிருப்பது அழகுக்காக அன்று. 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3, பெப் 3151 என்னும் முன்மொழிவின்படி, இயங்குதளம் தரும் பிழைகளைத் தனித்தனிப் பெயர்களாகப் பிரித்தது. கோப்பு இல்லையெனில் ‘ஃபைல்நாட்ஃபவுண்ட்எர்ரர்’. அனுமதி மறுக்கப்பட்டால் ‘பெர்மிஷன்எர்ரர்’. ஏற்கெனவே இருப்பதைப் புதிதாகப் படைக்க முயன்றால் ‘ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எர்ரர்’. பெயர் பெறாதவையும் எண் பெற்றிருக்கின்றன: திறந்த கோப்புகள் வரம்பு மீறினால் லினக்ஸிலும் மேக்கிலும் எண் 24. ஒவ்வொரு பெயரும் ஒரு நோயறிகுறி. வெறும் ‘எக்செப்ட்’ இவையனைத்தையும் மீண்டும் ஒரே குப்பையாகக் கொட்டுகிறது. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஒரே மருந்து கொடுக்கும் மருத்துவரை எவரும் பொறுத்துக்கொள்ளார். ஆய்வேட்டில் மட்டும் அது பொறுத்துக்கொள்ளப்படுகிறது.

முதலில் ‘கோப்பு இல்லை’ என்னும் செய்தி. இழைகள் ஒரே வீட்டில் கூட்டுக்குடித்தனம் செய்பவை. நிரலின் நடப்புக் கோப்புறை எது என்னும் செய்தி வீட்டுக்கு ஒன்றுதான்; இழைக்கு ஒன்றன்று. ஓர் இழை தன் வசதிக்காக ‘1998’ என்னும் கோப்புறைக்குள் நுழைந்தால், அக்கணமே எல்லா இழைகளும் அங்கே நிற்கின்றன. மற்றோர் இழை ‘2004’ கோப்புறையில் நிற்பதாக எண்ணிக்கொண்டு சார்புப் பாதையில் ஒரு கோப்பைத் திறக்க முயலும். கோப்பு இல்லை என்ற விடை வரும். விடை பொய்யன்று. இழை நின்ற இடத்தில் அந்தக் கோப்பு இல்லை. இதைவிடக் கொடியது, இரண்டு கோப்புறைகளிலும் ‘01’ என்ற ஒரே பெயரில் கோப்பு இருப்பது. அப்போது பிழையே எழாது. 1998ஆம் ஆண்டின் உரை 2004ஆம் ஆண்டின் கணக்கில் ஏறிவிடும். பிழைச்செய்தி வந்தது பேறு என்று கருதவேண்டிய இடம் இது. மருந்து எளியது: நடப்புக் கோப்புறையை நிரலுக்குள் மாற்றவே கூடாது, இழைகளைத் தொடங்குமுன்பே எல்லாக் கோப்புகளின் முழுப் பாதையையும் திரட்டிவிட வேண்டும்.

இந்தச் செய்திக்குத் தமிழ் ஆய்வாளர் மட்டுமே கண்டுகொள்ளக்கூடிய மற்றொரு காரணமும் உண்டு. யூனிகோடில் ‘கொ’ என்பதை இரு வகையில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் குறியையும் காலையும் இரு குறிகளாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு தரமும் இவ்விரண்டையும் நிகரானவை என்றே கொள்கிறது. லினக்ஸின் கோப்பு முறைமையோ பொதுவாகப் பெயரைப் பைட்டுகளின் வரிசையாகவே ஒப்பிடும். அதற்கு இவை வேறுவேறு பெயர்கள். மேக் கணினியின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைத்திருந்தது. அங்கிருந்து வந்த ‘தொகுப்பு’ என்னும் கோப்பைச் சேர்ந்த வடிவில் தட்டச்சிட்ட பெயரால் லினக்ஸில் தேடினால் கிடைக்காது. ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் வரும் பெயர்கள் மட்டும் விடுபட்டுப் பிற திறந்துகொள்ளும். எழுத்தியலைப் பாடமாகப் படித்த ஒருவர், தோற்ற கோப்புகளின் பட்டியலை ஒரு முறை பார்த்திருந்தால் இந்த ஒழுங்கைக் கண்டிருப்பார். பட்டியலே இல்லாமல் செய்துவிட்டதால் காணவில்லை.

அடுத்தது இழைகளுக்கே உரிய மௌனம். சாதாரண நிரலில் பிழை எழுந்தால் நிரல் நின்றுவிடும், நின்றது தெரியும். தனி இழையில் எழும் பிழை அந்த இழையை மட்டும் வீழ்த்தும். பிழைத்தடம் திரையில் அச்சாகும். ஆனால் முதன்மை இழை தன் போக்கில் தொடரும். ‘ஜாயின்’ என்று காத்திருந்தாலும் அப்பிழை முதன்மை இழைக்கு வந்துசேராது. நிரல் வெற்றியைக் குறிக்கும் பூஜ்யம் என்ற குறியோடு முடியும். இரவில் பல்கலைக்கழகச் சேவையகத்தில் ஓடவிட்டு, காலையில் விடைக்கோப்பை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு எல்லாம் நலமே எனத் தோன்றும்.

இழைக் குழுமத்தைப் பயன்படுத்தினால் மௌனம் இன்னும் ஆழமாகும். 2011இல் வந்த பைத்தான் 3.2 முதல் கிடைக்கும் ‘திரெட்பூல்எக்ஸிகியூட்டர்’, ஒப்படைத்த ஒவ்வொரு பணிக்கும் ‘ஃபியூச்சர்’ என்னும் ஒரு பற்றுச்சீட்டைத் தருகிறது. பணியில் எழுந்த பிழை அச்சீட்டுக்குள் வைக்கப்படும். ‘ரிசல்ட்’ என்று விடையைக் கேட்டால் பிழை வெளிவரும். கேட்காவிட்டால் ஒரு சொல்லும் திரையில் தோன்றாது. பணிகள் முடிந்தனவா என்று மட்டும் கேட்டு, என்ன ஆயின என்று கேட்காத நிரல்கள் எத்தனையோ. இங்கே ‘எக்செப்ட்: பாஸ்’ என்று எழுதவேண்டிய தேவையும் இல்லை. கேளாமையே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

இந்தக் கேளாமை தன்னளவில் நிற்பதும் இல்லை. புதிய பிழையை ஈனுகிறது. எண் 24 அப்படிப் பிறக்கக்கூடியது. லினக்ஸில் ஒரு நிரல் ஒரே வேளையில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளின் வழக்கமான வரம்பு 1024, மேக்கில் 256. பைத்தான் 3.8 முதல், குழுமத்தின் இயல்பான இழை எண்ணிக்கை எந்தக் கணினியிலும் 32ஐத் தாண்டாது. இழைக்கு ஒரு கோப்பு என்றால் 32 கோப்புகளே ஒரு நேரத்தில் திறந்திருக்க வேண்டும். வரம்பு 1024 ஆக இருக்க, எண் 24 ஏன் வருகிறது? இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் நோய் அறிதல். விடை: திறந்தவை மூடப்படவில்லை.

மூடப்படாமைக்குக் காரணம் நுட்பமானது. ‘வித்’ என்னும் அமைப்பின்றிக் கோப்பைத் திறந்து, படித்து, பின்னர் மூடும் வகையில் எழுதிய செயற்கூறு ஒன்றை எண்ணுக. படிக்கும்போது பிழை எழுந்தால் மூடும் வரி நிறைவேறாது. சாதாரணமாக, பயனற்றுப்போன கோப்பை வழக்கிலுள்ள பைத்தான் தானே மூடிவிடும். அதனால் இக்குறை பல்லாண்டு வெளியே தெரியாமல் இருக்கலாம். குழுமத்திலோ பிழை பற்றுச்சீட்டில் கிடக்கிறது. பிழை தன் தடத்தைப் பற்றியிருக்கிறது. தடம் அச்செயற்கூற்றின் மாறிகளைப் பற்றியிருக்கிறது. மாறி கோப்பைப் பற்றியிருக்கிறது. சீட்டுகளையெல்லாம் ஒரு பட்டியலில் அடுக்கி வைத்திருக்கும்வரை, கேட்கப்படாத ஒவ்வொரு பிழையும் ஒரு கோப்பைத் திறந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும்.

இதன் விளைவை மேற்சொன்ன 12,000 கோப்புகளில் பொருத்திக் காணலாம். அவற்றுள் 2,000 கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய குறியேற்றங்களில் உள்ளவை எனக் கொள்க. தமிழ் இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் டிஸ்கி இருந்தது. 1999இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாம், டாப் இருந்தன. இதழ்கள் தத்தமக்கெனக் கொண்ட எழுத்துருக் குறியேற்றங்களும் இருந்தன. யூடிஎஃப்-8 எனக் கருதி இவற்றைப் படிக்கப் புகுந்தால் பெரும்பாலும் குறிநீக்கப் பிழை எழும். ஒவ்வொரு பிழையும் ஒரு கோப்பைப் பிடித்துவைக்கும். ஏறத்தாழ ஆயிரம் தேங்கியதும் வரம்பு நிறைந்துவிடும். அதற்குப்பின் வரும் கோப்பு, குற்றமற்ற யூனிகோடு கோப்பாயினும், திறவாது. ஆண்டு வரிசையில் அடுக்கிய தொகுப்பாக இருந்தால் பழைய கோப்புகள் முதலில் வந்து வரம்பைத் தின்றுவிடும். பின்வருபவை கூட்டமாகத் தோற்கும். தலைமாட்டில் வைத்த தீ கால்மாட்டை எரிப்பது போன்றது இது. எண் 24ஐப் பார்த்தவர் வரம்பை 1024இலிருந்து உயர்த்திவிடுவார், செய்தி மறையும், பழைய கோப்புகள் இரண்டாயிரமும் முன்போலவே எண்ணப்படாமல் கிடக்கும்.

எழுதும் பக்கத்திலும் இழப்பு உண்டு. எல்லா இழைகளும் ஒரே விடைக்கோப்பை ‘டபிள்யூ’ முறையில் திறந்தால், திறக்கும் ஒவ்வொரு முறையும் அதுவரை இருந்த உள்ளடக்கம் துடைக்கப்படும். பிழைச்செய்தி ஏதும் வராது. கோப்பு இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, இல்லையெனில் படைக்கும் நிரலில், சோதனைக்கும் படைப்புக்கும் இடைப்பட்ட நொடியில் இன்னோர் இழை புகுந்துவிடும். பைத்தான் 3.3இலிருந்து இருக்கும் ‘எக்ஸ்’ முறை, சோதனையையும் படைப்பையும் ஒரே செயலாக்கி, கோப்பு முன்பே இருந்தால் பிழையை உரக்கச் சொல்கிறது. விண்டோஸில் திறந்திருக்கும் கோப்பை இன்னோர் இழை பெயர் மாற்றவோ நீக்கவோ முயன்றால் பொதுவாக அனுமதிப் பிழை வரும்; லினக்ஸில் அதே நிரல் ஓசையின்றி ஓடிவிடும். எழுதும் பொறுப்பை ஒரே இழையிடம் விட்டு, மற்றவை வரிசை ஒன்றின் வழியே அதனிடம் விடைகளை ஒப்படைப்பதே முறையான வழி.

இனி, மருந்து என்ற பெயரில் புழங்குபவை. சிறிது நேரம் உறங்கவைத்து மீண்டும் முயலும் நிரல்கள் உண்டு. தற்காலிகத் தடைக்கு அது பொருந்தும். நடப்புக் கோப்புறை மாறியதால் வந்த பிழை ஓய்வெடுத்தால் தீராது, சில வேளை தற்செயலாக மறையும். தற்செயலாக மறைந்த பிழை ஆய்வில் மிக ஆபத்தானது. கண்ட இடத்திலெல்லாம் பூட்டுப் போடுவோரும் உளர். மூடப்படாத கோப்பைப் பூட்டு மூடாது. எல்லாவற்றுக்கும் ‘கில்’ எனப்படும் பைத்தானின் பொதுப் பூட்டே காரணம் என்று மேற்கோள் காட்டுவோர் மற்றொரு வகை. அப்பூட்டு ஒரு நேரத்தில் ஓர் இழையே பைத்தான் கட்டளைகளை நிறைவேற்றுமாறு செய்வது. கோப்புக்காகக் காத்திருக்கும்போது அது விடுவிக்கப்படுகிறது. கோப்பு திறவாமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2024இல் வந்த பைத்தான் 3.13 அப்பூட்டில்லாத வடிவைச் சோதனை முயற்சியாகத் தந்தது. அவ்வடிவிலும் நடப்புக் கோப்புறை வீட்டுக்கு ஒன்றுதான், வரம்பு வரம்புதான்.

குறிநீக்கப் பிழையைப் புறக்கணிக்கச் சொல்லும் ‘இக்னோர்’ என்ற தேர்வு இவை எல்லாவற்றிலும் நயமாக ஏமாற்றுவது. டிஸ்கியில் தமிழ் எழுத்துகள் பைட்டின் மேற்பாதியில் உள்ளவை. யூடிஎஃப்-8 எனக் கருதி, படிக்க இயலாதவற்றைப் புறக்கணித்தால், தமிழெழுத்துகள் பெரும்பாலும் உதிர்ந்து இடைவெளியும் நிறுத்தக்குறியும் எஞ்சும். கோப்பு திறந்தது, படிக்கப்பட்டது, கணக்கில் சேர்ந்தது. அதில் தமிழ்ச்சொல் ஏறக்குறைய இல்லை. விண்டோஸில் குறியேற்றத்தைக் குறிப்பிடாமல் விட்டால், இந்திய ஆங்கில அமைப்பில் பைத்தான் இன்றும் பொதுவாக 1252ஆம் குறிப்பக்கத்தையே எடுத்துக்கொள்ளும். அப்பக்கத்தில் புள்ளியின் கடைசிப் பைட்டுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. ஒரு மெய்யெழுத்து வந்தாலே படிப்பு தடைப்படும். மெய்யெழுத்தில்லாத தமிழ்க் கோப்பு எங்கே உண்டு?

இவ்வளவு சொன்னபின்னும் ஓர் எதிர்வாதம் எழும்: பெருந்தொகுப்பில் சில கோப்புகள் விடுபட்டால் விகிதம் மாறிவிடுமா? விடுபட்டவை குலுக்கலில் விடுபட்டிருந்தால் பெரிதும் மாறாது. ஆனால் மேலே கண்ட ஒவ்வொரு காரணமும் ஒரு வகைக் கோப்பையே தேர்ந்து விலக்குகிறது. குறியேற்றப் பிழை பழைய உரைகளை விலக்கும். பெயர்ப் பிழை ஒகர ஓகாரப் பெயர்களை விலக்கும். அனுமதிப் பிழை குறிப்பிட்ட ஒருவர் தொகுத்தளித்த கோப்புறையை முழுதாக விலக்கும். இவ்வடிவம் 2005க்கு முன் வழக்கில் இல்லை என்று ஓர் ஆய்வேடு முடிவு கூறும். உண்மையில் 2005க்கு முந்திய கோப்புகளே திறந்திருக்கமாட்டா. பிழை, மொழி வரலாறாக வேடம் பூண்டு நூலகத்தில் அமர்ந்துவிடும். அடுத்து வருபவர் அதை மேற்கோள் காட்டுவார்.

இது வெறும் அச்சம் என்று ஒதுக்க இயலாதவாறு பிற துறைகளில் சான்றுகள் உள்ளன. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய எக்செல் வடிவம் 65,536 வரிகளுக்குமேல் ஏற்காது என்பதே காரணம். எஞ்சியவை ஓசையின்றி உதிர்ந்தன; தொற்றுற்றோருடன் பழகியவர்களைத் தேடும் பணியும் பின்தங்கியது. வேதியியலில், 2014இல் ஓர் ஆய்வு நெறிமுறையோடு வெளியான பைத்தான் நிரல், கோப்புகள் பெயர் வரிசையில் வரும் என்று நம்பி எழுதப்பட்டது. எந்த வரிசையில் வரும் என்பது இயங்குதளத்தைப் பொறுத்தது. 2019இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே தரவுக்கு அது வெவ்வேறு இயங்குதளங்களில் வெவ்வேறு விடை தருவதைக் கண்டு வெளியிட்டனர். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அந்நிரல் பலருக்கும் விடையளித்திருக்கிறது. இவ்விரு நிகழ்விலும் திரையில் பிழை தோன்றவில்லை என்பதைக் கருதவேண்டும். தோன்றாத பிழைக்கே இவ்வளவு விலை என்றால், தோன்றிய பிழையைக் கைநீட்டி அணைப்பவருக்கு என்ன பெயர் இடுவது?

மற்றோர் எதிர்வாதம் துறைத்தலைவர்களின் அறைகளிலிருந்து வரும்: மொழி ஆய்வாளருக்கு இந்தக் கணினி நுணுக்கம் எதற்கு, நிரலை யாரேனும் எழுதித் தந்தால் போதாதா? இதற்கு விடை கணினியியலில் இல்லை. தமிழ்ப் பதிப்பு மரபில் இருக்கிறது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் அந்நூலைப் பதிப்பித்தார். இன்று அச்சில் இருக்கும் பதிப்புகளிலும் அவ்விரு எண்கள் வெற்றிடமாகவே நிற்கின்றன. 269ஆம் பாடலை 267 என்று எண்ணிட்டு, இடைவெளி தெரியாமல் ஒட்டிவிடுவதைப் பதிப்பறம் ஏற்காது. சிதைந்த அடிகள் புள்ளிகளால் காட்டப்படுகின்றன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காத நிலையிலும் இரண்டாம் பத்து இரண்டாம் பத்தாகவே வழங்குகிறது. இல்லாததை இல்லை என்று எழுதிவைப்பது பதிப்பாசிரியரின் முதற்கடமை என்பதை இம்மரபு ஐயமற நிறுவியிருக்கிறது. அதே துறையின் மாணவர் ஆயிரம் ஏடுகள் திறவாததை ஓரிடத்திலும் குறிக்காமல் எண்ணிக்கை வெளியிடுவதும், அதே துறையின் பேராசிரியர் அதில் கையொப்பமிடுவதும் எந்த மரபைச் சேர்ந்தவை? ஏட்டில் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டத் தெரிந்தவருக்கு, திறவாத கோப்பின் பெயரைப் பட்டியலிடத் தெரியாது என்பது சாக்கு.

நிரலை எழுதித் தர வேறொருவரை அமர்த்துவதில் குற்றமில்லை. படியெடுப்போர் எக்காலத்தும் இருந்தனர். படியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு மட்டும் பதிப்பாசிரியரை விட்டு நீங்கியதில்லை.

இங்கே இன்னோர் உண்மையும் சொல்லப்பட வேண்டும். பல ஆய்வுகளுக்கு இழைகளே தேவையில்லை. சொற்களை எண்ணுவது செயலியின் வேலை. பொதுப் பூட்டுள்ள பைத்தானில் இழைகளைப் பெருக்கியதால் அது குறிப்பிடத்தக்க வேகம் பெறாது. வலையிலிருந்து இறக்குவது போன்ற காத்திருப்பு மிகுந்த பணிகளுக்கே இழைகள் பயன் தரும். எண்ணும் பணிக்குத் தனிச் செயல்முறைகளைப் பயன்படுத்தலாம். ஓரிரவு பொறுக்க இயலுமாயின் ஒரே இழையும் போதும். ஒரு மாதம் தட்டச்சிட்ட தொகுப்பை ஓரிரவு எண்ணவைப்பதில் இழிவொன்றுமில்லை. வேகமாக வந்த தவறான எண்ணைவிட மெதுவாக வந்த சரியான எண் மேல் என்பதைத் துறைகள் மறந்திருந்தால் நினைவூட்டவேண்டும். ஆயினும் இழைகளைக் கைவிடுவது மட்டும் தீர்வாகாது. பிழையை விழுங்கும் பழக்கம் ஒற்றை இழையிலும் உயிரோடிருக்கும்.

செய்யவேண்டியவை அரியன அல்ல. ஒவ்வொரு கோப்பையும் ‘வித்’ கொண்டு திறப்பது. குறியேற்றத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுவது. எதிர்பார்த்த பிழையை அதன் பெயர் சொல்லிப் பிடித்து, கோப்பின் பெயரோடும் காரணத்தோடும் பதிவுக்கோப்பில் எழுதுவது. எதிர்பாராததை நிரலை நிறுத்தவிடுவது. ஒவ்வொரு பற்றுச்சீட்டிடமும் விடை கேட்பது. ‘-எக்ஸ் டெவ்’ என்ற தேர்வோடு ஒரு முறையேனும் ஓட்டி, மூடப்படாத கோப்புகளைப் பற்றி இயல்பாக மறைக்கப்படும் எச்சரிக்கைகளைப் பார்ப்பது. இவற்றைக் கற்பிக்க ஒரு பிற்பகல் போதும். ஆய்வு நெறிமுறைத் தாளில் அடிக்குறிப்பில் காற்புள்ளி வைக்கும் முறைக்கு வகுப்புகள் ஒதுக்கும் துறைகளால் அந்தப் பிற்பகலை ஒதுக்க இயலாதா?

துறைகள் விதியாக்க வேண்டியது மூன்று எண்களை. தொகுப்பில் இருந்த கோப்புகள் எத்தனை. திறந்து படிக்கப்பட்டவை எத்தனை. தோற்றவை எத்தனை, எக்காரணத்தால். எண்ணிக்கை அட்டவணை உள்ள எந்த ஆய்வேடும் இம்மூன்றையும் அட்டவணைக்கு மேலேயே அச்சிடவேண்டும். தோற்ற கோப்புகளின் பட்டியல் பின்னிணைப்பாக வரவேண்டும். நிரல் ஆய்வேட்டோடு ஒப்படைக்கப்படவேண்டும். புறத்தேர்வாளர் வாய்மொழித் தேர்வில், முதல் எண்ணும் இரண்டாம் மூன்றாம் எண்களின் கூட்டுத்தொகையும் ஒத்துவருகின்றனவா என்று கேட்கவேண்டும். அதற்குக் கணினி அறிவு வேண்டியதில்லை. கூட்டல் தெரிந்தால் போதும்.

மாணவர் அஞ்சுவது இயல்பு. தோற்ற கோப்புகளைப் பட்டியலிட்டால் ஆய்வு குறையுடையதாகத் தோன்றுமே என்று எண்ணுவர். அந்த அச்சத்தைப் போக்குவது நெறியாளர் கடன். 12,000இல் 10,000 கோப்புகளே படிக்கப்பட்டன, 2,000 பழைய குறியேற்றத்தில் இருந்ததால் விடுபட்டன என்று சொல்லும் ஆய்வேட்டை அடுத்தவர் திருத்தலாம், விரிக்கலாம்; அந்த 2,000 கோப்புகளை மாற்றித் தருவதையே ஒருவர் தம் பணியாகக் கொள்ளலாம். ஒன்றும் சொல்லாத ஆய்வேட்டை எவராலும் திருத்த இயலாது. வரும் பருவத்தில் ஒப்படைக்கப்படும் ஆய்வேடுகளிலிருந்தே அம்மூன்று எண்களைத் துறைகள் கேட்கத் தொடங்கட்டும். விடை கிடைக்காத இடத்தில் அட்டவணைக்குக் கையொப்பமும் கிடைக்காதிருக்கட்டும்.